ஜெய்னம்பு அனுப்பிய சர்க்கரை

"சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி டீச்சர் வேலைக்கும் போனீர்கள்?" என்று பள்ளிக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் என்னைக் கேட்கிறார்கள். கேட்கும்போதே கண்ணில் ஒரு பக்தி தெரிகிறது. அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நான் எங்கே வளர்த்தேன்? காலையில் கொடுத்துவிட்டுப் போனேன், சாயங்காலம் வாங்கிக்கொண்டு வந்தேன். நடுவில் கிடந்த பகல் முழுவதும் எதிர்வீட்டு ஜெய்னம்புவுடையது. புகழ வேண்டுமென்றால் அவளைப் போய்ப் புகழட்டும். ஆனால் அவளிடம் போய்ச் சொன்னால், "போதும் போ, அடுப்புல சோறு கொதிக்குது" என்று விரட்டிவிடுவாள். அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

பழவேற்காட்டில் ஏரிக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் தெரு. நாங்கள் ஒரு வீடு தவிர மற்றதெல்லாம் முஸ்லிம் வியாபாரிகளின் வீடுகள். ஜெய்னம்புவின் கணவர் முஸ்தபா பாய்க்குப் பொன்னேரியில் ஜவுளிக்கடை. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வீட்டுக்கு வருவார், மறுநாள் போய்விடுவார். மற்ற நாட்களில் அந்த வீட்டுக்கு ஜெய்னம்புதான் ராஜா, மந்திரி, சேவகன் எல்லாம். கோஷா முறைப்படி தெருவுக்கு வரமாட்டாள். ஆனால் வாசல் படுதாவுக்குப் பின்னால் நின்றுகொண்டே தெருவை ஆண்டாள். இறால் விற்கிறவள் வந்தால் படுதா ஓரமாக ஒரு கை மட்டும் வெளியே வரும். அந்தக் கை இறாலைப் புரட்டும், தலையைக் கிள்ளிப் பார்க்கும், "இது நேத்து செத்தது, உன் ஊட்டுக்கே கொண்டு போ" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்தக் குரலுக்குத் தெருக்கோடி வரை நடுங்கும்.

திருவள்ளூரில் ஆசிரியப் பயிற்சி முடித்த எனக்கு ஐம்பத்து நாலாம் வருஷம் இங்கே பெண்கள் ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தது. என் கணவர் வரதன் ரயில் இன்ஜினில் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன். கூடூர் பக்கம் ஓடிக்கொண்டிருப்பார். எப்போது வருவார், எப்போது போவார் என்பது அவருக்கே தெரியாது. பையன் தணிகாசலத்துக்கு ஒன்றரை வயது. நடக்கத் தெரியும், நிற்கத் தெரியாது. வேப்பெண்ணெய் தடவி அப்போதுதான் பால் மறக்கடித்திருந்தேன்.

இந்த வேலை வேண்டவே வேண்டாம் என்றவர் என் நாத்தனார் கெங்கம்மாள் அண்ணி. பொன்னேரிக்கு மேற்கே, ஆரணிப் பக்கத்துக் கிராமத்தில் நெல் வயல்களைத் தனியாளாக நின்று பார்த்துக்கொள்கிறவர். மாமியார் வரதனைப் பெற்ற கையோடு போய்விட்டாராம். அப்போது பாவாடைப் பெண்ணாக இருந்த அண்ணிதான் தம்பியைத் தூக்கி வளர்த்தார். அதனால் எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"பசங்களுக்கு அ, ஆ சொல்லிக் குடுக்கறதுக்கு நூறு பேரு கிடைப்பாங்க. உன் புள்ளைக்கு நீ ஒருத்திதானே?" என்றார் அண்ணி. "சரி, ஆசைப்பட்டுட்ட. தை அறுப்பு வரைக்கும் பாரு. வந்து பாப்பேன். புள்ள தேஞ்சி போயிருந்தான்னா தூக்கிக்கினு போய்க்கினே இருப்பேன். வரதனை வளத்த கை இவனை வளக்காதா?"

வரதனைக் கேட்டால், "அக்கா சொன்னாலும் சரி, நீ சொன்னாலும் சரி" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் இப்படிப்பட்ட பதிலுக்கு எந்த மனைவிக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

பிள்ளையை விட்டு என்னால் இருக்க முடியாது. அவனை அண்ணி தூக்கிக்கொண்டு போனால், வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு நானும் பின்னாலேயே போக வேண்டியதுதான். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வீட்டில் சோறு இல்லாமல் நான் வேலைக்குப் போகவில்லை. ஒரு வாரம் முன்பு வரை எழுத்தைப் பார்த்தால் மிரண்ட பெண் திடீரென்று ஒரு வரியைத் தானாகப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகத்தான் போனேன். ஆண்கள் யாராவது தங்கள் வேலைக்குக் காரணம் சொல்கிறார்களா? நான் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

முதலில் அவனைப் பள்ளிக்கே தூக்கிக்கொண்டு போனேன். மேசைக்கடியில் பாய் விரித்து உட்கார வைத்தேன். சாக்பீஸைத் தின்றான். கரும்பலகை துடைக்கிற துணியை மென்றான். நான் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது முதல் வரிசைப் பெண்ணின் பின்னலைப் பிடித்துத் தொங்கினான். வகுப்பே சிரித்துப் புரண்டது. தலைமையாசிரியை ரோசம்மாள் வாசலில் வந்து நின்றார்.

"சந்திரகலா டீச்சர், எனக்கும் மனசு இருக்குது. ஆனா வகுப்புல குழந்தை கூடாது. நாளையிலேர்ந்து வேற வழி பாருங்க" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறக்கிறேன், எதிர்வீட்டுப் படுதாவுக்குப் பின்னாலிருந்து குரல்.

"டீச்சரே! காலைல அந்தப் புள்ள அழுதுக்கினே போச்சு, இப்ப அழுதுக்கினே வருது. இன்னா, வாத்தியாரா ஆக்கப் போறீங்களா அவனையும்? இப்படிக் குடுங்க. எம் புள்ளைங்களோட ஒண்ணா கிடக்கட்டும்."

"உங்களுக்கே கைக்குழந்தை இருக்குது, அக்கா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"நான் இன்னா அவனைத் தலையில வெச்சிக்கினா ஆடப் போறேன்? குடுங்கன்னா."

கொடுத்தேன். அவ்வளவுதான் ஒப்பந்தம். அவளுடைய மூத்த பையன் மொய்னுதீனுக்கு ஆறு வயது, கடைக்குட்டி கமர் நிஷாவுக்குச் சில மாதம். அந்தக் கூட்டத்தில் தணிகையும் சேர்ந்துகொண்டான். எங்கள் வீட்டில் மீன், கறி சமைப்பதில்லை என்று தெரிந்ததும் அவனுக்கென்று தனியாக ஒரு பித்தளைச் சட்டி வாங்கி, அதில் பருப்புச் சோறு மட்டும் வடித்தாள். அந்தச் சட்டியில் மீன் கரண்டி தவறிப்போய்ப் பட்டுவிட்டது என்று ஒருநாள் முழுச் சோற்றையும் கோழிக்குக் கொட்டிவிட்டு மறுபடி உலை வைத்தாளாம். இதை அவள் சொல்லவில்லை, மொய்னுதீன்தான் கோள் சொன்னான். பிள்ளை ஒரு சுற்றுப் பெருத்தான். நான் வகுப்பில் நிம்மதியாகச் சத்தம் போட்டேன்.

அந்த ஐப்பசியில் பொன்னேரியில் ஆசிரியர்களுக்கான மாதக் கூட்டம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று பஸ் ஏறினேன். மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. ஆற்றுத் தண்ணீர் வயலெல்லாம் நிரம்பி ரோட்டின் மேல் ஏறிவிட்டது. பஸ் கிடையாது, வண்டி கிடையாது. உடன் வேலை பார்க்கிற ஒருத்தியின் அக்கா வீட்டில் மாட்டிக்கொண்டேன். அவர்கள் சூடாகச் சோறு போட்டார்கள். ஒரு வாய் இறங்கவில்லை. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து நடந்து அந்த வீட்டுக்காரர்களைப் பைத்தியம் பிடிக்க வைத்தேன். "இன்னாம்மா பேஜாரு பண்ற, புள்ள நல்ல எடத்துலதானே இருக்குது?" என்று அந்த வீட்டு மனுஷன் கேட்டேவிட்டார்.

தண்ணீர் வடிந்து ஊர் வந்து சேர்ந்தபோது முழங்கால் வரை சேறு. ஓடிப்போய்ப் படுதாவை விலக்கினால், என் பிள்ளை கமர் நிஷாவின் தொட்டிலுக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். ஜெய்னம்பு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் வந்துச்சு, போயிடுச்சு. போய் கால் கழுவுங்க, ஊடெல்லாம் சேறு" என்றாள். அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிடலாமா என்றிருந்தது. திட்டுவாளே என்று பேசாமல் கால் கழுவப் போனேன்.

அந்த வாரமே மொய்னுதீன் ஒரு தட்டில் சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தான். தெருவில் எல்லா வீட்டுக்கும் போயிற்று. என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தெருவில் பிள்ளைக்குப் பல் முளைத்தால் இனிப்பு, ஓத ஆரம்பித்தால் இனிப்பு. ஏதோ ஒன்று என்று வாயில் போட்டுக்கொண்டு, "உம்மா கிட்ட ரொம்ப சந்தோஷம்னு சொல்லுப்பா" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து ஐந்தாம் வகுப்பில் உறவு முறைகளைப் பற்றி எழுதச் சொன்னேன். ஜெய்னம்புவின் தங்கை மகள் நசீம் பானு எழுந்து படித்தாள். "எனக்கு மூன்று தம்பிகள். ஒருவன் கூடப் பிறந்த உமர் பாரூக், ஒருவன் மொய்னுதீன், ஒருவன் தணிகாசலம்."

"தணிகாசலம் எப்படி உனக்குத் தம்பி ஆனான்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"எங்க பெரியம்மா பால் குடுத்தாங்களே டீச்சர், வெள்ளம் வந்தப்போ. பால் குடிச்சா சொந்தப் புள்ளதான். இனிமே கமரு அவனைக் கட்டிக்க முடியாது" என்றாள் அவள், கணக்குக்கு விடை சொல்வதுபோல. மற்ற பெண்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வகுப்பில் அது தெரியாதவள் நான் ஒருத்திதான்.

மத்தியான மணி அடித்ததும் விடுவிடுவென்று நடந்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

"ஊருக்கெல்லாம் தெரியுது, பெத்தவளுக்குத் தெரியல! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?" என்று உள்ளே நுழைந்ததும் கத்தினேன்.

ஜெய்னம்பு வெலவெலத்துப் போனாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. அடுத்த நிமிஷம் அவளுக்கும் கோபம் ஏறிவிட்டது.

"இன்னா சொல்றீங்க நீங்க? அதான் சர்க்கரை குடுத்தனுப்பினேனே! துன்னீங்களே! சந்தோஷம்னு சொல்லி அனுப்பினீங்களே!"

"சர்க்கரையா?"

"பின்ன? ஒரு புள்ளைக்குப் பால் குடுத்தா நாலு ஊட்டுக்குச் சொல்லணும். நாளைக்கு வளந்து, தெரியாத்தனமா அண்ணன் தங்கச்சிக்குள்ள கல்யாணம் பேசிட்டா எவ்ளோ பெரிய பாவம்? அதுக்குத்தான் சர்க்கரை. எங்க தெருவுல சர்க்கரை வந்தா ‘யாரு புள்ளைக்கு, யாரு பாலு’ன்னு கேப்பாங்க. நீங்க கேக்கல. சரி, புள்ளைங்க சொல்லியிருக்கும், டீச்சருக்குத் தெரிஞ்சிருக்கும், பெரிய மனசு பண்ணி ஏத்துக்கினாங்கன்னு நெனச்சேன். அன்னிக்கு ராத்திரி எவ்ளோ அழுதேன் தெரியுமா சந்தோஷத்துல?"

அவள் இறங்கிய குரலில் சொன்னாள். "காய்ச்சல்ல சோறும் வேணாங்கறான், கஞ்சியும் வேணாங்கறான். வெள்ளத்துல பால்காரன் வரல. கமரு குடிக்கறதைப் பாத்துக்கினே நின்னான் டீச்சரே. கேக்கக்கூட இல்ல, பாத்துக்கினு நின்னான். நான் இன்னா செய்யட்டும்? வயிறு நெறையற வரைக்கும் குடுத்தேன், நீங்க வர்ற வரைக்கும் குடுத்தேன்."

அதற்கு மேல் எனக்குக் கோபம் நிற்குமா? அவள் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதேன். அவளும் அழுதாள். தணிகை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானும் சேர்ந்து அழுதான். கடைசியில் யார் யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் சிரித்துவிட்டோம்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அண்ணி தன் கிணற்றில் வேற்று ஆள் வாளியை இறக்கவிட மாட்டார். பிள்ளையைப் பகலில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டபோது "அக்கம்பக்கம்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். இது தெரிந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

தை பிறந்து அறுப்பு முடிந்ததும், வழியில் ஓர் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, விடிந்ததும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார் அண்ணி. வண்டியில் புது அரிசி மூட்டை. எனக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டிருந்தது. பிள்ளையை அப்போதுதான் எதிர்வீட்டில் விட்டிருந்தேன். அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புள்ள எங்கடி?"

எதிர்வீட்டைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது. "இதான் உன் அக்கம்பக்கமா?" என்று கேட்டுவிட்டு நேரே அந்த வாசலுக்குப் போனார். படிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, "வாடா நைனா" என்று கையை நீட்டினார். தணிகை படுதாவை நீக்கிக்கொண்டு ஓடிவந்தான். அண்ணி அவனைத் தூக்கி, கையை, காலை, கன்னத்தை எல்லாம் அமுக்கிப் பார்த்தார். தேய்ந்து போயிருந்தால்தானே குறை சொல்ல?

"புள்ள நல்லாத்தான் இருக்கான்" என்றார் அண்ணி. "ஆனா அடுத்த ஊட்டுல விட்டுத்தான் வளக்கணும்னா எதுக்கு? நான் கூட்டிக்கினு போறேன். நீ உன் வேலையைப் பாத்துக்கினு இரு." சொல்லிவிட்டு வண்டிப் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தால் என் கோபம் என்னென்ன பேசுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"கொஞ்சம் நில்லுங்கம்மா" என்றது படுதாவுக்குப் பின்னாலிருந்து குரல்.

நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். ஜெய்னம்பு கண்டுகொள்ளவில்லை.

"உங்க ஊட்டுப் புள்ள, நீங்க கூட்டிக்கினு போங்க. தடுக்க நான் யாரு? ஆனா ஒண்ணு சொல்லாம அனுப்பினா எனக்குப் பாவம் வந்து சேரும். அவன் எம் பாலைக் குடிச்சவன். வெள்ளத்தப்போ ஆத்தா வர முடியல, காய்ச்சல், வேற ஒண்ணும் குடிக்கல. நான்தான் குடுத்தேன். டீச்சருக்குத் தெரியாது, அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. எங்க வழக்கத்துல அவன் எனக்கும் புள்ள. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். அவ்ளோதான்."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது. அண்ணி வண்டிச் சக்கரத்தில் ஒரு கை ஊன்றி நின்றார். இதோ வெடிக்கப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அண்ணி திரும்பி வந்தார். படி ஏறவில்லை. படிக்குக் கீழேயே நின்று, படுதாவைப் பார்த்துப் பேசினார்.

"எங்கம்மா இவன் அப்பனைப் பெத்துப் போட்டுட்டுக் கண்ணை மூடிட்டா. எனக்கு அப்போ ஒண்ணும் தெரியாது. பச்சப் புள்ளையைத் துணியில சுத்திக்கினு, எந்த ஊட்டுல கொழந்த பொறந்துதோ அந்த ஊட்டு வாசல்ல போய் நிப்பேன். கூச்சமா இருக்கும். குடுங்கன்னு கேக்க வாய் வராது, சும்மா நிப்பேன். யாராவது கூப்பிட்டு, புள்ளையைக் கையில வாங்கிப் பால் குடுப்பாங்க. அந்தப் பாலுலதான் வரதன் பொழச்சான். அவங்களுக்கெல்லாம் ஒரு படி நெல்லு குடுக்கணும்னு எனக்கு அன்னிக்குத் தோணல. தோணின வயசுல அவங்க யாருமே இல்ல."

படுதா லேசாக அசைந்தது.

"இந்தாம்மா, புடி உன் புள்ளையை" என்று தணிகையை இறக்கிப் படிமேல் விட்டார் அண்ணி. பிறகு வண்டிக்காரனைப் பார்த்து, "அந்த மூட்டையை இந்த ஊட்டுல எறக்குடா" என்றார்.

எங்களுக்கென்று வந்த மூட்டை அது! வண்டிக்காரன் என்னைப் பார்த்தான், நான் அண்ணியைப் பார்த்தேன். "எறக்குடான்னா" என்று ஒரு அதட்டல். மூட்டை ஜெய்னம்பு வீட்டு வாசலில் இறங்கியது. அன்று தொடங்கி இந்தத் தை வரைக்கும் வருஷா வருஷம் வண்டி வருகிறது. மூட்டை அங்கேதான் இறங்குகிறது. எனக்கு ஒரு ஆழாக்கு கிடையாது. ஜெய்னம்புதான் அதில் அளந்து எனக்குக் கொடுக்கிறாள், என்னவோ அவள் நிலத்தில் விளைந்ததுபோல. அண்ணி மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். அந்த வீட்டில் இன்றுவரை ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. ஜெய்னம்புவும் கொடுக்கிறேன் என்று சொன்னதில்லை. ஆனால் வந்தால் படிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி என்று பொழுது போவது தெரியாமல் பேசுகிறார்கள். பெரும்பாலும் என்னைப் பற்றிய குறைதான்.

அன்றைக்கு மூட்டை இறங்கிய பிறகும் நான் தெரு நடுவிலேயே நின்றுகொண்டிருந்தேன். படுதாவுக்குப் பின்னால் ஜெய்னம்பு மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. தணிகை மூட்டையின் மேல் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இரண்டு பெண்களுக்கும் நான் எத்தனை ஜென்மத்துக்குக் கடன்பட்டவள் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாடி மரம் மாதிரி நின்னுக்கினு இருக்க? பள்ளிக்கூடத்துல பசங்க காத்துக்கினு இருக்க மாட்டாங்க? போ, போய் பாடம் சொல்லிக் குடு" என்றார்.